கூச்சலை எழுதி வைத்தவர்

ஒன்பது ஆண்டுகள் எங்கள் ஊர்க் கத்தோலிக்க ஆலயத்தின் பங்குப் பேரவையில் செயலாளராக இருந்திருக்கிறேன். மாதம் ஒரு கூட்டம் நடக்கும். கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்காருவேன். சிவப்புக் காலிகோ ஒட்டிய தடித்த அட்டை, ஓரத்தில் இரட்டைக் கோடு போட்ட தாள், ஒவ்வொரு பக்கத்துக்கும் எண். எனக்கு முன் இருந்தவர்கள் எழுதியதைப் பார்த்துப் பார்த்து அந்த நடை எனக்கும் கைவந்துவிட்டது. ‘பொருள் 3 குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. பின்னர் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ இரண்டு மணி நேரப் பேச்சு இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

ஒரு மழைக்காலக் கூட்டத்தில் பழைய பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டுத் திருமண மண்டபம் கட்டும் திட்டம் பேச்சுக்கு வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். ஊரில் எல்லாருமே அவரை ‘சார்’ என்றுதான் அழைப்போம். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் கேள்வியை முடிப்பதற்குள் நாலா பக்கமும் சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நான் ‘ஏகமனதாக’ என்று எழுதினேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “நான் கேட்டதை எழுதினாயா, தம்பி?” என்றார். “தீர்மானத்தை மட்டும் எழுதுவதுதான் சார் வழக்கம்” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 600 ஆண்டுகளுக்கு முன், ஜெர்மன் நாட்டின் தென்கோடியில் ஓர் ஏரிக்கரை ஊரில் மூன்றரை ஆண்டு நடந்த கூட்டம் அது. நவம்பர் 1414 முதல் ஏப்ரல் 1418 வரை, பேராலயத்தில் கூடிய முறைப்படியான அமர்வுகள் மட்டும் 45. அதன் நடவடிக்கைகள் ஏராளமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன: தீர்மானங்கள், மறையுரைகள், கடிதங்கள், குற்றப்பட்டியல்கள், ஒரு கர்தினால் தனக்கென எழுதிய நாட்குறிப்பு, ஊர்க்காரர் ஒருவர் எழுதிய வரலாறு. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இவற்றில் எதுவும் இல்லை. அங்கே நடந்த யான் ஹுஸ் என்ற குருவின் விசாரணையைப் பற்றி பீட்டர் என்ற இளைஞர் தனியாக உட்கார்ந்து எழுதிய ஒரு பதிவு. செக் நாட்டில் ம்லாதோனியோவிட்செ என்ற ஊரைச் சேர்ந்தவர். க்லூம் ஊர்ப் பிரபுவிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். செயலாளர் என்றும் சொல்லலாம்.

கூட்டம் கூடியதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1378இல் ரோமையில் கர்தினால்கள் ஆறாம் உர்பானைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களிலேயே, கும்பலுக்குப் பயந்து போட்ட வாக்கு செல்லாது என்று சொல்லி அதே கர்தினால்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பிரான்சின் பக்கம் அவிஞ்ஞோனுக்குப் போய் அமர்ந்தார். ஒரு திருச்சபைக்கு இரண்டு தலை. நாடுகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. இதைத் தீர்ப்பதற்காக 1409இல் பீசா நகரில் ஒரு சங்கம் கூடி, இருவரையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. நீக்கப்பட்ட இருவரும் நகர மறுத்ததால் தலைகள் மூன்றாயின. ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் அவர்களைப் பின்பற்றியவர்களையும் சபைவிலக்கு செய்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை எந்தத் திருத்தந்தையின் கீழ் இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பதில் கிடைக்கும். விசுவாசத்தை மூச்சாகக் கொண்ட எளிய மக்கள் ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்தக் கலக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே கான்ஸ்டன்ஸில் கூடியவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் கையில் எடுத்தது எளிய வேலையல்ல.

சங்கத்தை முறைப்படி கூட்டியவர் பீசா வழியில் வந்த திருத்தந்தை, பால்தசாரே கொஸ்ஸா. இருபத்துமூன்றாம் யோவான் என்ற பெயரில் ஆட்சி செய்தவர். கூட்டச் சொல்லி அவரை நெருக்கியவர் ஜெர்மானியரின் அரசர் சிகிஸ்முந்து. கொஸ்ஸா விருப்பமில்லாமல்தான் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தார். வழியில் ஆர்ல்பெர்க் கணவாயில் வண்டி கவிழ்ந்து பனியில் விழுந்தார். பிறகு மலைச்சரிவிலிருந்து கீழே ஏரியையும் ஊரையும் பார்த்தபோது, நரிகளைப் பிடிக்கிற பொறி இப்படித்தான் இருக்கும் என்று சொன்னாராம். இதையெல்லாம் எழுதி வைத்தவர் உல்ரிக் ரிச்சந்தால் என்ற கான்ஸ்டன்ஸ்வாசி. அவருடைய வரலாற்று நூலில் எனக்குப் பிடித்தது அவர் கண்ணில் படும் சின்னச் சின்ன விஷயங்கள். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த ஊரில் ஐரோப்பாவே வந்து இறங்குகிறது. ரொட்டி என்ன விலை, மீன் என்ன விலை, எந்த ஆயர் எந்த வீட்டில் தங்கினார், எத்தனை குதிரைகள் என்று ஒன்று விடாமல் குறிக்கிறார். சக்கரம் வைத்த அடுப்பைத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சுடச்சுடப் பணியாரம் விற்றவர்களை அவர் நூலின் ஓவியத்தில் இன்றும் பார்க்கலாம். மொத்தம் 72,460 பேர் வந்து போனதாகக் கணக்குச் சொல்கிறார். அந்த எண் சரியோ தவறோ, அப்படி உட்கார்ந்து எண்ண வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

கிறிஸ்துமஸ் இரவில் சிகிஸ்முந்து படகில் வந்து இறங்கினார். நள்ளிரவுப் பூசையில் திருத்தொண்டர் உடை அணிந்து அவரே நற்செய்தி வாசித்தார். ‘அகுஸ்து சீசர் கட்டளை பிறப்பித்தார்’ என்று தொடங்கும் பகுதி அது. கேட்டவர்களுக்கு அதன் பொருள் புரிந்திருக்கும்.

வந்தவர்கள் முதலில் மோதிக்கொண்டது வாக்குக் கணக்கில்தான். இத்தாலியிலிருந்து வந்த ஆயர்கள் தலைக்கணக்கில் மிக அதிகம். பெரும்பாலும் கொஸ்ஸாவின் ஆட்கள். ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் 1415 தொடக்கத்தில் பல்கலைக்கழகங்கள் பாணியில் ‘நாட்டினம்’ வாரியாக வாக்களிப்பது என்று ஆயிற்று. இத்தாலியர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், பிறகு 1416இல் ஸ்பானியர். ஒவ்வோர் இனமும் தனித்தனி இடத்தில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும். பின்னர் பேராலயத்தில் பொது அமர்வு கூடும். தீர்மானத்தை வாசித்ததும் ‘பிளாசெத்’ என்பார்கள். ஏற்புடையது என்று பொருள். ஆயர்கள் மட்டுமல்லாமல் இறையியல், சட்டம் படித்த பேராசிரியர்களுக்கும் குரல் உண்டு என்று கர்தினால் பியேர் தாய்யி வாதாடினார். கர்தினால் ஃபில்லாஸ்தர் இன்னும் ஒரு படி மேலே போய், படிக்காத அரசனும் படிக்காத ஆயரும் முடி சூட்டிய கழுதைகள் என்று எழுதியே கொடுத்தார். அந்தக் காலத்தில், அந்த இடத்தில், இவ்வளவு துணிச்சலாகப் பேச முடிந்தது.

கொஸ்ஸாவுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துவிட்டது. மார்ச் 20 அன்று ஊருக்கு வெளியே குதிரைவீரர்களின் போட்டி. எல்லாரும் அங்கே இருந்த நேரத்தில், சாம்பல் நிற மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, முகத்தை மறைத்து, சிறிய குதிரையொன்றில் சேணத்தில் வில் தொங்க, வேலையாள் போல ஊரைவிட்டு வெளியேறினார். கூட்டியவரே ஓடிப்போனால் கூட்டம் கலைந்ததாகத்தானே பொருள்? சங்கம் கலையவில்லை. ஏப்ரல் 6ஆம் தேதி, ஐந்தாவது அமர்வில், திருச்சபை வரலாற்றில் இன்றுவரை வாதம் நடக்கிற அந்தத் தீர்மானம் நிறைவேறியது. ‘ஹேக் சாங்க்தா’ என்று அதன் பெயர். இந்தச் சங்கம் தன் அதிகாரத்தைக் கிறிஸ்துவிடமிருந்து நேரடியாகப் பெற்றது. விசுவாசம், பிளவை ஒழித்தல், சீர்திருத்தம் ஆகியவற்றில் எந்தப் பதவியில் இருப்பவரும், திருத்தந்தையே ஆனாலும், இதற்குக் கீழ்ப்படிய வேண்டும். மே 29 அன்று கொஸ்ஸாவைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஜூலை 4 அன்று ரோமை வழியில் வந்த பன்னிரண்டாம் கிரகோரி தம் பிரதிநிதி மூலம் தாமாகவே விலகினார். அவிஞ்ஞோன் வழியில் வந்த பதின்மூன்றாம் பெனடிக்ட் மட்டும் ஸ்பெயினில் பெனிஸ்கோலா கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தார். 1417 ஜூலையில் அவரையும் நீக்கினார்கள்.

1958இல் ரொன்கால்லி திருத்தந்தையானபோது தமக்கு இருபத்துமூன்றாம் யோவான் என்றே பெயர் வைத்துக்கொண்டார். கொஸ்ஸா கணக்கில் சேரமாட்டார் என்பது அதோடு உறுதியாயிற்று. அந்த ரொன்கால்லிதான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டினார். லத்தீனில் நடந்த பூசையை நாங்கள் தமிழில் கேட்கத் தொடங்கியது அந்தச் சங்கத்தால். ஒரே பெயர், இரண்டு சங்கங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. கொஸ்ஸாவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் படம்தான் கண்முன் வரும்.

இப்போது யான் ஹுஸ்.

பிராகா நகரின் பெத்லகேம் ஆலயத்தில் செக் மொழியில் மறையுரை ஆற்றிய குரு அவர். பல்கலைக்கழக ஆசிரியரும்கூட. குருக்களின் பேராசையைக் கண்டித்தார். 1412இல் கொஸ்ஸா போர்ச் செலவுக்காக, பாவத் தண்டனையைக் குறைக்கும் ‘பலன்களை’ விலைக்கு விற்றபோது எதிர்த்து நின்றார். திருச்சபையின் போக்கைக் கண்டித்த ஆங்கில இறையியலாளர் விக்லிஃபின் எழுத்துகளை மதித்தார். கான்ஸ்டன்ஸுக்கு வந்து தம் கருத்துகளை விளக்கலாம் என்று சிகிஸ்முந்து அழைத்தார். வரப் போகப் பாதுகாப்பு உண்டு என்று கடிதமும் கொடுத்தார். ஹுஸ் 1414 நவம்பர் 3 அன்று வந்து சேர்ந்து, ஃபிதா என்ற கைம்பெண்ணின் வீட்டில் தங்கினார். 28ஆம் தேதி அவரை அழைத்துப்போக ஆட்கள் வந்தார்கள். மாடியிலிருந்து அவர் இறங்கும்போது படிக்கட்டில் அந்த அம்மா எதிரே வந்தார். அவருக்கு ஹுஸ் ஆசி சொன்னார். அந்த அம்மா அழுதார். அதன் பிறகு ஹுஸ் சுதந்திரமாக நடக்கவேயில்லை. ஏரித்தீவில் இருந்த தொமினிக்கன் மடத்தில் சிறை. பிறகு கோட்லீபன் கோட்டை. அங்கே பகலில் காலில் விலங்கு. இரவில் கட்டிலோரச் சுவரில் கையைச் சங்கிலியால் பூட்டினார்கள். பதவி போன கொஸ்ஸாவையும் அதே கோடையில் அதே கோட்டைக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

1415 ஜூன் 5, 7, 8. பிரான்சிஸ்கன் மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று நாள் விசாரணை. இந்த மூன்று நாள்களை நாம் கேட்க முடிவதற்குக் காரணம் பீட்டர்தான்.

முதல் நாள் ஹுஸ் ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தால் பல பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒருவருக்குப் பதில் சொல்லத் திரும்பினால் பின்னாலிருந்து இன்னொருவர், பக்கவாட்டிலிருந்து வேறொருவர். பேசிப் பயனில்லை என்று கடைசியில் அவர் மௌனமாகிறார். உடனே, இதோ பேசாமல் இருக்கிறான், அப்படியானால் இந்தத் தப்பறைகளை ஒப்புக்கொண்டான் என்று கத்துகிறார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அன்றைய கூட்டத்தில் சார் உட்கார்ந்த பிறகு யாரோ ஒருவர் சிரித்தபடி, “சார் பேசவில்லையே, சம்மதம்தான், எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். நானும் எழுதிக்கொண்டேன். அதுவரை அந்தக் குரல் எனக்கு மறந்தே போயிருந்தது. 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு செக் இளைஞன் எழுதிய வரி அதை எழுப்பிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தியது.

பீட்டரால் எப்படி இதை எழுத முடிந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதிகாரப்பூர்வ எழுத்தருக்குத் தீர்மானம் வேண்டும். அவருக்குக் கூச்சல் தொந்தரவு. தாளைக் கெடுக்கிற மைக்கறை மாதிரி. பீட்டருக்கோ கூச்சல்தான் நடந்த நிகழ்ச்சி. அதனால் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது, யார் சிரித்தார்கள், அரசர் அப்போது எங்கே நின்றார் என்று எழுதுகிறார். ஜூன் 7 விசாரணையைப் பற்றி எழுதும்போது, சூரியன் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்த கிரகணத்துக்குப் பிறகு அது தொடங்கியது என்று குறிக்கிறார். அன்று அந்தப் பகுதியில் கிரகணம் நடந்தது உண்மை. அவர் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பார்த்தார், எழுதினார்.

ஜூன் 8 இன்னும் கனமான நாள். ஹுஸ் திருச்சபையைப் பற்றி எழுதிய நூலிலிருந்தும் பிற நூல்களிலிருந்தும் எடுத்த வாசகங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். சாவான பாவத்தில் இருக்கும் திருத்தந்தையோ ஆயரோ உண்மையில் திருத்தந்தையோ ஆயரோ அல்ல என்ற வாசகம் வந்தது. அரசனுக்கும் அது பொருந்தும், கடவுள் முன்னிலையில் அவன் தகுதியுள்ள அரசன் அல்ல என்றார் ஹுஸ். சிகிஸ்முந்து அப்போது ஜன்னலோரம் பிரபுக்களோடு பேசிக்கொண்டிருந்தார். உடனே அவரை அழையுங்கள், இது அவரையும் சேர்ந்தது என்று சத்தம். அரசர் முன்னிலையில் ஹுஸ் மறுபடி அதையே சொன்னார். பாவம் இல்லாமல் வாழ்பவர் யாரும் இல்லை, யான் ஹுஸ் என்றார் அரசர். தாய்யிக்குக் கோபம் பொங்கியது: குருக்களை இழிவுபடுத்தியது போதாதா, அரசர்களையும் கீழே தள்ளப் பார்க்கிறாயா?

அதே சங்கம் பத்து நாள் முன்பு ஒரு திருத்தந்தையை அவருடைய பாவங்களைப் பட்டியலிட்டுப் பதவியிலிருந்து இறக்கியிருந்தது. ஹுஸ் இதைக் கவனிக்காமல் இல்லை. தங்கள் தலையையே தண்டித்தவர்கள் என்னை என்ன சொல்லித் தண்டிப்பார்கள் என்ற பொருளில் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். அதிகாரத்தை எதிர்த்து நின்று, சட்டம் பேசி, ஒழுங்காக வாக்கெடுத்து வென்றவர்கள் அந்தச் சபையில் இருந்தவர்கள். தாய்யியும் ஜெர்சோனும் அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறிஞர்கள். எதிர்த்து நிற்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தனியாக நின்ற ஒருவரின் எதிர்ப்பை அவர்களால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. கொடுங்கோலர்கள் செய்திருந்தால் நான் இவ்வளவு வருந்தியிருக்கமாட்டேன்.

அன்று மாலை ஹுஸைக் கொண்டுபோனபோது, ஹுஸுக்குத் துணையாக வந்திருந்த, பீட்டரின் எசமானரான க்லூம் பிரபு எட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாராலும் வெறுக்கப்பட்டு, விலங்கோடு நின்ற ஒருவனுக்குக் கை நீட்ட அந்தப் பிரபு வெட்கப்படவில்லையே, அந்தக் கை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று ஹுஸ் நண்பர்களுக்கு எழுதினார். எந்த நடவடிக்கைப் புத்தகத்திலும் இப்படிப்பட்ட கைகுலுக்கல் ஏறாது.

கூடம் காலியான பிறகும் பீட்டரும் மற்ற செக்காரர்களும் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போய்விட்டதாக நினைத்து அரசர் ஆயர்களிடம் பேசினார்: இவனுடைய குற்றங்களில் ஒன்று போதும் இவனை எரிக்க, தவறை ஒப்புக்கொண்டாலும் நம்பாதீர்கள். பாதுகாப்புக் கடிதம் கொடுத்த அரசர் பேசியது இது. இதையும் பீட்டர் எழுதி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று, அரசர்கள் கொடுக்கும் பாதுகாப்புக் கடிதம் திருச்சபை நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது என்று சங்கம் தனியாக ஒரு தீர்மானம் போட்டது. ஹுஸை எரித்து இரண்டரை மாதம் கழித்து.

அடுத்த நான்கு வாரம் ஹுஸை மனம் மாற்றப் பலர் முயன்றார்கள். அவர்களில் நல்லெண்ணத்தோடு வந்தவர்களும் உண்டு. அவர் எரிவதைப் பார்க்க அவர்களுக்கு விருப்பமில்லை. ஆனால் ஹுஸின் சிக்கல் வேறு. தாம் சொல்லவே சொல்லாத வாசகங்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அவற்றைக் கைவிடுகிறேன் என்று சத்தியம் செய்தால் முன்பு நம்பியதாகப் பொய் சொன்னதாகிவிடும். ஓர் இறையியல் பேராசிரியர் அவரிடம், உனக்கு இரண்டு கண் இருந்தாலும் ஒரு கண்தான் என்று சங்கம் சொன்னால் ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். உலகமே சொன்னாலும், எனக்குப் புத்தி இருக்கும்வரை, மனசாட்சி தடுக்காமல் அப்படிச் சொல்ல என்னால் முடியாது என்று ஹுஸ் பதில் சொன்னார்.

ஜூலை 6, 1415. பேராலயத்தில் பதினைந்தாவது அமர்வு. நடுவில் ஓர் உயரமான மேடை; அருகே பூசை உடைகள் வைத்த மேசை. லோதி நகர ஆயர், பாவத்துக்கு உட்பட்ட உடல் அழிய வேண்டும் என்ற பவுலடியார் வாக்கை எடுத்துக்கொண்டு மறையுரை ஆற்றினார். குற்றப்பட்டியலை வாசித்தார்கள். மூவொரு கடவுளில் நான்காவது ஆள் தாமே என்று ஹுஸ் சொன்னதாக ஒரு குற்றச்சாட்டு. அப்படிச் சாட்சி சொன்னவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று ஹுஸ் கேட்டார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று பதில் வந்தது. தீர்ப்பு வாசித்ததும் முழந்தாளிட்டுத் தம் பகைவர்களை மன்னிக்கும்படி ஆண்டவரிடம் உரக்க வேண்டினார். முன்வரிசையில் சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று பீட்டர் எழுதுகிறார்.

குருத்துவத்தை நீக்க, முதலில் பூசை உடைகளை முழுவதும் அணிவித்தார்கள். கையில் திருக்கிண்ணத்தைக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாபம். கடைசியில் உச்சந்தலையில் குருக்களுக்குரிய மழிப்பு அடையாளத்தை அழிக்க வேண்டும். அதைச் சவரக்கத்தியால் செய்வதா கத்தரிக்கோலால் செய்வதா என்று ஆயர்களுக்குள் வாக்குவாதம். ஹுஸ் அரசர் பக்கம் திரும்பி, என்னை அவமானப்படுத்துவதில்கூட இவர்களால் ஒருமனப்பட முடியவில்லை என்றார். கத்தரிக்கோல் என்று முடிவாயிற்று. மூன்று பேய்கள் வரைந்த உயரமான காகிதக் கிரீடம் ஒன்றைத் தலையில் வைத்து, உன் ஆன்மாவைப் பேய்களிடம் ஒப்படைக்கிறோம் என்றார்கள். நான் அதை என் ஆண்டவர் இயேசுவிடம் ஒப்படைக்கிறேன் என்றார் அவர். வெளியே நடத்திக்கொண்டு போகும்போது கோயில் வளாகத்தில் அவருடைய புத்தகங்கள் எரிந்துகொண்டிருந்தன. பார்த்துப் புன்னகைத்தார்.

சிதை அடுக்கிய இடத்தைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. பீட்டர் எழுதியிருக்கிறார், படிக்கத் திடம் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். தண்டனையை நிறைவேற்றியவர்கள் ஹுஸின் அங்கியையும் காலணிகளையும் தங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் கூலி. செக்காரர்கள் அவற்றைப் புனிதப் பொருளாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, உங்களுக்கு ஈடு தருகிறோம், இவற்றையும் தீயில் போடுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. போட்டார்கள். சாம்பலை வண்டியில் ஏற்றி ரைன் ஆற்றில் கொட்டினார்கள். ஒரு பொட்டு நினைவும் மிஞ்சக்கூடாது என்று அவ்வளவு கவனம். பக்கத்தில் நின்ற ஓர் எழுத்தரை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மே 30 அன்று அவருடைய நண்பர் பிராகா ஜெரோமையும் எரித்தார்கள். அவர் முதலில் பயந்து தம் கருத்துகளை விட்டுக்கொடுத்து, பிறகு சபையிலேயே அதைத் திரும்பப் பெற்றவர். தண்டனையை நிறைவேற்ற வந்தவர் முதுகுக்குப் பின்னால் தீ வைக்கப் போனபோது, முன்னால் வந்து என் கண் பார்க்கக் கொளுத்து, இதற்குப் பயந்திருந்தால் இங்கே வந்திருக்கமாட்டேன் என்றார். இதை எழுதி வைத்தவர் திருத்தந்தை அலுவலகத்தில் வேலை பார்த்த பொஜ்ஜோ. செக்காரர் அல்ல, ஜெரோமின் கொள்கைக்காரரும் அல்ல. ஆனாலும் அந்த மனிதரின் பேச்சையும் சாவையும் கண்டு வியந்து நண்பருக்குக் கடிதம் எழுதாமல் இருக்க அவரால் முடியவில்லை.

சங்கத்தின் நடவடிக்கைகளில் இன்னொரு குரலையும் சொல்லியாக வேண்டும். போலந்திலிருந்து வந்த பாவெல் வுவோத்கோவித்ஸ், க்ராகோவ் பல்கலைக்கழகத் தலைவர். கிறிஸ்தவர் அல்லாதவர்களின் நிலத்தை, அவர்கள் கிறிஸ்தவர் அல்ல என்ற ஒரே காரணத்துக்காகப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று 1416இல் வாதாடினார். வாள் முனையில் மதம் மாற்றிய ஜெர்மன் மறைவீரர்களை எதிர்த்து எழுந்த வழக்கு அது. சங்கம் அதற்கு முடிவு சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்போதே தீர்மானமாக எழுதியிருந்தால், 1455இல் போர்த்துக்கீசிய அரசருக்குக் கடல் கடந்த நாடுகளைத் தானமாகக் கொடுத்த திருத்தந்தை ஆணை வந்திருக்குமா? அந்த ஆணையின் நிழல் நம் முத்துக்குளித்துறை வரை நீண்டது. எங்கள் முன்னோர்களின் கதையும் அங்கே தொட்டுக்கொள்கிறது.

1417 நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில், ஏரிக்கரையிலிருந்த வணிகக் கிடங்கில் 23 கர்தினால்களும் ஐந்து நாட்டினங்களின் 30 பிரதிநிதிகளும் கூடி ஒத்தோனே கொலொன்னாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாம் மார்ட்டின். கிட்டத்தட்ட எல்லா நாடும் ஏற்றுக்கொண்டது, பிளவு முடிந்தது. அது மிகப் பெரிய சாதனை. சங்கத்தை நினைத்து நான் நன்றி சொல்லும் இடம் அது. செக் மக்களின் நாடான பொகேமியாவில் மட்டும் வேறு கதை. 1415 செப்டம்பரிலேயே 452 பிரபுக்கள் முத்திரையிட்டுக் கண்டனக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். பிறகு ஏறத்தாழ 15 ஆண்டு போர். 1999 டிசம்பரில் இரண்டாம் யோவான் பவுல் ஹுஸின் கொடூர மரணத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 584 ஆண்டுகள் ஆயிற்று.

பீட்டரின் பதிவு மட்டும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அவர் பிராகாவுக்குத் திரும்பிக் குருவானார், பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். ஹுஸின் கடைசி நாளைப் பற்றி அவர் எழுதிய பகுதியைச் செக் ஆலயங்களில் ஆண்டுதோறும் ஜூலை 6 அன்று வாசித்தார்கள்.

எங்கள் நடவடிக்கைப் புத்தகத்தில் இப்போது நான் எதையும் சேர்க்க முடியாது. அந்தப் பக்கம் நிறைந்து, கையெழுத்தாகி, அடுத்த கூட்டத்தில் ஏற்கப்பட்டுவிட்டது. மண்டபமும் எழுந்துவிட்டது. சாரின் மகளிடம் கேட்டேன். அந்தத் துண்டுச் சீட்டு அவருடைய செபப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அவர் கேட்க வந்தவை இவை:

பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் எழுதிய பத்திரத்தை இங்கே யாராவது படித்தீர்களா? கல்வி தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது.

மாலையில் அந்தக் கட்டடத்தில் படிக்கும் பிள்ளைகள் நாற்பது பேர். அவர்கள் நாளையிலிருந்து எங்கே உட்காருவார்கள்?

மண்டபத்துக்கு என்ன வாடகை வைப்பீர்கள்? கட்டுமரக்காரர் வீட்டுக் கல்யாணம் அங்கே நடக்குமா?